அஞ்சரை அடி உயரத்தில் ஒரு கேமரா

கட்டாத வீட்டுக்குள் நின்று படம் பிடிப்பதுதான் என் பிழைப்பு. ஓசூரில் ஒரு கட்டுமான அலுவலகத்தில் த்ரீடி படம் போடுகிறேன். கேமரா கையில் கிடையாது, கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. லென்ஸ், உயரம், ஃபோகஸ் எல்லாம் எண்ணைத் தட்டினால் மாறும். "இன்னும் கொஞ்சம் பிரைட்டா" என்பதைக் கேட்டுக் கேட்டு என்னைப் போலவே நொந்திருக்கும் சகாக்களே, உங்களுக்கு மஞ்சுளா அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் லைன் லீடர். பாகலூர் ரோட்டில் வீடு கட்ட எங்களிடம் வந்தவர். அவரைப் போல என்னை வேலை வாங்கியவரும் இல்லை, அவர் அளவுக்கு நான் மதிக்கும் வாடிக்கையாளரும் இல்லை.

லாரி நிற்கும் அறை

பத்துக்குப் பத்து அறையைப் பெரிதாகக் காட்ட லென்ஸை அகலமாக்கினால் போதும், சுவர்கள் தாமே விலகி நிற்கும். எங்கள் இன்ஜினியர் சாருக்கு இது ரொம்பப் பிடிக்கும். மஞ்சுளா அக்காவின் முன்னறையையும் அப்படித்தான் கல்யாண மண்டபம் ஆக்கி வைத்தேன். "அழகா இருக்குது. எங்க கட்டில உள்ள போட்டுக் காட்டுங்க" என்றார். அளவைக் கையோடு கொண்டுவந்திருந்தார். போட்டேன். அகல லென்ஸுக்குப் பக்கத்தில் எதை வைத்தாலும் இழுபடும்; கட்டில் நீண்டுகொண்டே போனது. மவுசை அப்படியும் இப்படியும் நகர்த்திச் சமாளித்துப் பார்த்தேன். அவர் சிரிக்காமல் சொன்னார்: "இவ்ளோ எடம் இருந்தா எங்க ஊட்டுக்காரரு லாரியவே உள்ள நிறுத்திக்கலாமே, சார்."

பக்கத்து மனையில் நின்றவன்

லென்ஸை ஒழுங்காக வைத்தேன். அறை சின்னதாகிவிட்டது, கேமரா பின்னால் நகர இடமில்லை. அதற்கும் ஒரு தந்திரம் இருக்கிறது. கேமராவைச் சுவருக்கு வெளியே நிறுத்தி, குறுக்கே இருக்கும் சுவரை மட்டும் மறைத்துவிடலாம். படம் பிரமாதமாக வந்தது. அக்கா அதைத் தன் வீட்டுக்காரர் முனிராஜுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். உடனே போன் வந்தது. இருவரும் தெலுங்கில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். அப்புறம் அக்கா ஸ்பீக்கரைப் போட்டு, "இந்தப் பக்கத்துச் செவுரு எங்கன்னு கேக்கறாரு" என்றார். மறைக்காமல் சொல்லிவிட்டேன். போனிலிருந்த குரல் தமிழுக்கு மாறியது: "அப்ப எங்க ரூமப் பாக்கணும்னா நாங்க பக்கத்து சைட்டுல போயி நிக்கணுமா, சார்?"

பூ ஜாடி

ஜன்னலுக்கு வெளியே ரோடு, மின்கம்பம், ஒரு பஞ்சர் கடை. படத்துக்கு அழகில்லை என்று ஜன்னலோரம் ஒரு பூ ஜாடியை வைத்து, ஃபோகஸை அதில் நிறுத்தி, வெளியே இருந்ததையெல்லாம் மங்கலாக்கினேன். எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. அக்காவின் முகம்தான் மாறிவிட்டது.

அன்றைக்குத்தான் விவரம் சொன்னார். முனிராஜ் அண்ணன் லாரி ஓட்டியவர். விபத்துக்குப் பிறகு கால் இரண்டும் வராது, சக்கர நாற்காலிதான். இப்போதிருக்கும் வாடகை வீட்டில் ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். பகலெல்லாம் அவர் பார்த்துக்கொண்டிருப்பது அதைத்தான். "பூ ஜாடி நாங்க வாங்கப்போறதில்ல, சார். ரோட்டக் காட்டுங்க. அதுக்குத்தான் இந்த ஊடே கட்றது."

நாலடிச் சுவர்

ரோட்டைத் தெளிவாக்கினேன். இன்ஜினியர் சாருக்கும் திருப்தி. அந்த வாரமே ஜன்னலுக்கு முன்னால் வரும் சிட்-அவுட்டின், அதாவது திறந்த முன்திண்ணையின், சுவரை எழுப்பவேண்டும். அதற்கு முன்னால் தன் வீட்டுக்காரரும் ஒருதரம் பார்த்துவிடட்டும் என்று அக்கா முனிராஜ் அண்ணனை ஆட்டோவில் கூட்டிவந்தார். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இது யாரு நின்னு பாக்கறது?" என்றார்.

எல்லாப் படத்துக்கும் நான் கேமராவை வைக்கும் உயரம் அஞ்சரை அடி. நிற்கிற ஆளின் கண். நாற்காலி விஷயம் தெரிந்த பிறகும் கை பழக்கத்தில் அதே எண்ணைத் தட்டியிருந்தேன். அக்கா என் மேசையிலிருந்த டேப்பை எடுத்து, தரையிலிருந்து நாற்காலியில் இருந்த அண்ணனின் கண்வரை அளந்தார். நாலடிகூட இல்லை. கேமராவை அங்கே இறக்கினேன். ரோடும் பஞ்சர் கடையும் சிட்-அவுட்டின் நாலடிச் சுவருக்குப் பின்னால் போய்விட்டன. மேலே கொஞ்சம் வானம், ஒரு கரண்டு கம்பி. சொந்த வீடு கட்டியும் அவருக்கு மறுபடி சுவர்தான். நான் மவுசை விட்டுவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அக்காவுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. "செவுர ஒரு அடியோட நிறுத்தி, மேல கம்பி வெச்சுப் பாருங்க" என்றார். வைத்தேன். ஜன்னலையும் கீழே இறக்கச் சொன்னார், இறக்கினேன். இன்ஜினியர் சார் முகப்பு அழகு கெடும் என்று ஏதோ ஆரம்பித்தார். அக்கா பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். கம்பிகளுக்கு நடுவே ரோடு திரும்பி வந்தது. அப்படி ஒரு மனுஷியை நான் பார்த்ததில்லை. முனிராஜ் அண்ணன் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார்: "கேமராவ இன்னும் கொஞ்சம் லெஃப்ட்ல திருப்பு தம்பி, பாகலூர் வண்டி வர்றது தெரியட்டும்."

நான் போட்ட படங்களில், கட்டி முடித்த பிறகும் படத்தில் இருந்தபடியே இருக்கும் வீடு அது ஒன்றுதான். என்ன, அதை உட்கார்ந்துதான் பார்க்கவேண்டும்.