ஓடைக்கு மேலே பதினோரு கூட்டுப்புழு

காட்டு இலாகாவில் அவளுக்குப் பேர் 'புழு அக்கா'. வனக் காவலர் வேலை முடிந்து வீட்டுக்குப் போனாலும் சமையலறை ஜன்னலில் பாட்டிலுக்குள் புழு வளர்ப்பவள். முட்டை பொரிய ஐந்து நாள், புழு தின்று கொழுக்க மூன்று வாரம், கூட்டுக்குள் இரண்டு வாரம் என்று காலண்டரில் குறித்து வைத்திருப்பாள். கேஸ் சிலிண்டர் வந்த தேதி எழுத இடமில்லை என்று புருஷன் புலம்புவதோடு சரி. பாட்டில் மூடியில் துளை போட்டுக் கொடுத்ததும் அவன்தான்.

கறுப்புச் சிறகில் சிவப்புப் பொட்டு வைத்த அந்த வண்ணத்துப்பூச்சி, காட்டு நிழலில் படரும் ஒரேயொரு வகைக் கசப்புக் கொடியில்தான் முட்டையிடும். அது வாழும் எல்லையை வரைபடமாக்க ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார். ஓடைக்கு மேலே மூன்று நாள் ஆள் விட்டுத் தேடியும் பறப்பது ஒன்றுகூட இல்லை. கொடியைப் புரட்டினால் புழுவும் இல்லை. ஓடையோடு எல்லைக் கோட்டை நிறுத்திவிடலாம் என்றார். நிறுத்தினால் திங்கட்கிழமையே கோட்டுக்கு வெளியே விழும் மேல் சரிவுக் கொடிகளை வெட்டி எறிந்துவிட்டு மரக்கன்று நடுவார்கள்.

அக்கா முன்னால் வந்து நின்றாள்.

"கொடியில தேடினா எப்படிக் கிடைக்கும் மேடம்? தின்ன இடத்துல அது தூங்காது. இருபதடி நடந்து போய் வேற மரத்துல தொங்கும். இப்ப எல்லாம் கூட்டுக்குள்ள இருக்கு. வாங்க, காட்டறேன்."

ஜீப் டிரைவர் தலையைச் சொறிந்தார். "அக்கா, இல்லாம போச்சுன்னா கிண்டல் பண்ணியே உங்களைச் சாகடிச்சிடுவானுங்க."

"மூணு வருஷமா அதைத்தானே தம்பி எல்லாரும் பண்றீங்க. வண்டியை எடு."

மேல் சரிவில், இலையெல்லாம் கடிபட்ட ஒரு கொடியருகே நின்றாள். மழை எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்று பார்த்து, மறைவான பக்கமாக அடியெண்ணி நடந்தாள். பதினேழாவது அடியில் ஒரு மரம். அதிகாரி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்; பட்டையில் ஒட்டிய காய்ந்த இலை ஒன்றைத் தவிர எதுவுமில்லை. அக்கா குனிந்து அதன்மேல் மெல்ல ஊதினாள். காய்ந்த இலை நெளிந்தது.

இலையல்ல, கூட்டுப்புழு; அதிகாரி மூக்கு இடிக்க நெருங்கிப் பார்த்தார். அப்புறம் அவரும் மரம் மரமாக ஊதத் தொடங்கினார். டிரைவரும் கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதினார். மதியத்துக்குள் பதினோரு கூட்டுப்புழு. அதிகாரி ஜீப் முகப்பில் வரைபடத்தை விரித்து, பென்சில் கோட்டை அழித்து, சரிவின் உச்சிவரை புதிதாக இழுத்தார். இப்போது சரிதானே என்று கேட்டார்.

அக்கா குனிந்து, கோட்டைத் தாண்டி விரலை வைத்தாள்.

"உச்சியோட நிக்கலை மேடம். அந்தப் பக்கமும் கொடி இறங்குது. தண்ணி குடிச்சிட்டு வாங்க, போவோம்."