ஜாமீனுக்குப் போன கேமரா

அன்றைக்குக் கம்பெனி கேன்டீன் கடைசி டேபிளில் இருந்தவர்கள் நான்கு பேர். சீட்டு நடத்துகிற லைன் சூப்பர்வைசர் நாகராஜ் அண்ணன், தளி ஊர்க்காரர். பேக்கிங் செல்வி அக்கா. டூல் ரூம் இசக்கி, திருநெல்வேலி. பிரஸ் ஆபரேட்டர் நான். பத்துப் பேர் மாதம் ஐயாயிரம் போடுகிற சீட்டு. மற்ற ஆறு பேரிடமிருந்து ஃபோனில் அபிப்பிராயம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

இரண்டாவது மாதச் சீட்டை ஒன்பதாயிரம் தள்ளி நான் எடுத்தேன். கைக்கு நாற்பத்தோராயிரம். எதற்கு என்றார்கள். கேமராவுக்கு என்றேன்.

"ஆஸ்பத்திரின்னா புரியுது. கேமராவ வாங்கிட்டு எங்க பணத்த எப்பிடிப்பா கட்டுவே?" என்றார் செல்வி அக்கா.

"கட்டலைன்னா என்னக்கா, ஆளுக்கு ஒரு போட்டோ எடுத்துக் குடுத்துருவான்," என்றான் இசக்கி.

நான் ஒன்பதாவதோடு நின்றவன். கான்ட்ராக்ட் லேபர். ஒவ்வொரு தடவை கான்ட்ராக்ட் முடியும்போதும் எனக்குத் தூக்கம் போய்விடும். ஃபங்ஷன் போட்டோ எடுக்கப் பழகிவிட்டால் கம்பெனி வீட்டுக்கு அனுப்பினாலும் சோறு உண்டு என்று கணக்குப் போட்டிருந்தேன். யூடியூப் பார்த்துப் பார்த்து முடிவும் பண்ணியிருந்தேன். சின்ன டிஎஸ்எல்ஆர் கேமரா பாடி, செகண்ட் ஹேண்ட் போதும். மண்டபத்து மங்கல் வெளிச்சத்துக்கு 50 எம்எம் லென்ஸ். ஒரு ஃப்ளாஷ்.

நாகராஜ் அண்ணன் எல்லாம் கேட்டுவிட்டு, "வித்தா என்ன வரும்?" என்றார்.

"இன்னும் வாங்கவே இல்லீங்களே அண்ணா."

"வாங்கறத நீ யோசி. விக்கறத நாங்க யோசிக்கணுமில்ல."

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் என்னோடு பெங்களூர் பஸ் ஏறினார்கள். கடையில் நான் காட்டிய பாடியைச் செல்வி அக்கா ஒரு விரலால் தூக்கிப் பார்த்து, "பொம்மையாட்டம் இருக்குது," என்றார். மேல் தட்டில் பெரிய பாடி ஒன்று இருந்தது. இசக்கி அதை வாங்கிக் கையில் எடை பார்த்தான். "இத வச்சு ஆளையே அடிக்கலாம்வே."

அதோடு மூன்று பேரும் பெரியதையே முடிவு பண்ணிவிட்டார்கள். அந்த பாடி போக மிச்சமிருந்த காசுக்குப் பழைய கிட் லென்ஸ்தான் வந்தது. மண்டபத்துக்குள் அதில் மாப்பிள்ளையும் தெரியமாட்டார், மாலையும் தெரியாது.

திரும்பி வரும் வழியில் இன்னொரு ஏற்பாடும் ஆனது. சீட்டு முடியும்வரை கேமரா ஜாமீனாக நாகராஜ் அண்ணன் வீட்டு பீரோவில் இருக்கும். "ஆர்டர் வந்தா சொல்லு, எடுத்துத் தர்றேன்."

முதல் ஆர்டர் ஜவளகிரியில் ஒரு காதுகுத்து. அட்வான்ஸ் மூவாயிரம். அண்ணனிடம் நேரில் இரண்டு தடவை சொன்னேன், வாட்ஸ்அப்பிலும் போட்டேன். அன்று காலை போனால் வீடு பூட்டு. பக்கத்து வீட்டு அம்மா, "தர்மஸ்தலாவுக்குப் போயிருக்காங்க," என்றார். ஃபோன் எடுக்கவில்லை.

வாடகை கேமராவுக்கு அலைய நேரமில்லை. ஜவளகிரிக்குப் போய் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தேன்.

"கேமரா எங்கப்பா?" என்றார் தாய்மாமன்.

"ஜாமீன்ல இருக்குதுங்க."

"அது என்ன கேஸுல மாட்டுச்சு?"

பந்தல் முழுக்கச் சிரித்தது. நான் சாப்பிடாமல் பஸ் ஏறினேன்.

திங்கட்கிழமை நாகராஜ் அண்ணன் மொட்டைத் தலையோடு கேன்டீனுக்கு வந்தார். ஒரு கையில் பிரசாதம், இன்னொரு கையில் என் கேமரா பேக்.

"பேரனுக்கு முடி எறக்குனோம். சும்மா கெடக்குதேன்னு கொண்டு போனேன். மூணு நாளும் இதையேதான் அமுக்கிட்டிருந்தேன்," என்றார். "ஆனா கழுத்து வலி தாங்கல சாமி. நீ சின்னதே வாங்கியிருக்கலாம்."

செல்வி அக்கா பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "அண்ணன் சொல்றதும் சரிதான்," என்றார்.

கடைசியில் நாகராஜ் அண்ணன், "நல்லதாப் பார்த்து ஒரு ஆல்பம் போட்டுக் குடு," என்று மெமரி கார்டை நீட்டினார். பாதிப் படத்தில் அவருடைய விரல் இருந்தது. போட்டுக் கொடுத்தேன். தரமாட்டேன் என்றால் அடுத்த ஆர்டருக்கு பீரோ பூட்டு திறந்திருக்காது.

சீட்டை ஒரு நாள் தள்ளாமல் கட்டி முடித்தேன். அதே மாதம் பெரிய பாடியை விற்று, சின்ன பாடியும் 50 எம்எம்மும் வாங்கினேன். அடுத்த வருஷம் கான்ட்ராக்டை நீட்டிக்கவில்லை. அதற்குள் மூன்று முகூர்த்தம் புக் ஆகியிருந்ததால் அந்த மாதமும் அடுப்பு எரிந்தது.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். காசை லென்ஸில் போடுங்கள். கடன் கொடுத்தவர்களைக் கடைக்குக் கூட்டிப் போகாதீர்கள்.

என் பக்கம் யாருக்கும் பாக்கி இல்லை. ஆல்பம் பிரிண்ட் செலவுக்கு நாகராஜ் அண்ணனிடமிருந்து மட்டும் இன்னும் இரண்டாயிரத்து நானூறு ரூபாய் வர வேண்டியிருக்கிறது.