ராத்தாவின் பின்வழி

ராத்தாவின், அதாவது என் அக்காவின், தையல் கடைப் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தபோதுதான் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் எண்ணம் எனக்கு வந்தது. யுத்தம் முடிந்து சில மாதங்கள். பலகையின் எழுத்து, நிறம், கீழே கிடந்த மேசை எல்லாம் நான் வடிவமைத்தவை. ராத்தா சவூதியில் யாரோ ஒருவருடைய வீட்டில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு கிழமை ஆகியிருந்தது.

எங்கள் ஊரான சாய்ந்தமருதில், கடலுக்குப் பக்கத்தில் இருந்த அவளுடைய பழைய வீட்டில் கடை என்று ஒன்று இருக்கவில்லை. பின்வேலியில் ஒரு கடப்பு இருந்தது, ஓர் ஆள் நுழையும் அளவுக்கு. ஆண்கள் நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போனதும் பெண்கள் அந்த வழியால் வருவார்கள். அடுப்படிக் குசினிக்குள் நின்று அளவு கொடுப்பார்கள், தைத்ததைப் போட்டுப் பார்ப்பார்கள், புருஷன்மாரைச் சொல்லிச் சிரிப்பார்கள். வேலியையும் வீட்டையும் அவள் புருஷனான மச்சானையும் சுனாமி ஒரே காலையில் கொண்டுபோனது.

பிறகு நிவாரணமாகக் கிடைத்த வீடு வீதியைப் பார்த்து நின்றது. பின்னால் மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு வீடு. நான் அப்போது முகாமைத்துவம் படித்துக்கொண்டிருந்தேன், வாய் ஓயாது. வீதி ஓரத்து வீடு வியாபாரத்துக்கு எவ்வளவு வாய்ப்பு என்று ராத்தாவுக்கு ஒரு மணித்தியாலம் விளங்கப்படுத்தினேன்.

"எனக்கு வேற ஒண்டும் வேணாம், மெசினும் ஒரு மறைப்பும் காணும், தம்பி" என்றாள்.

நான் கேட்கவில்லை. முன்விறாந்தையில் மேசை போட்டேன், பலகை மாட்டினேன்.

ஆட்கள் குறைந்தார்கள். நிறம் சரியில்லையோ என்று பலகைக்குத் திரும்பப் பெயின்ட் அடித்தேன். கடைசியில் பழைய வாடிக்கைக்காரி ஒருத்தி, உம்மாவோடு கதைக்க வந்த இடத்தில், என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "றோட்டால போறவனெல்லாம் பாத்திட்டுப் போக, ஆரு, மகன், நிண்டு அளவு குடுப்பா?"

அதற்குள் ராத்தா பாஸ்போட்டுக்குப் படம் எடுத்துவிட்டாள். பிள்ளைகள் இரண்டும் உம்மாவிடம். மெசினின் மூடியைத் திறக்கச் சின்னவள் யாரையும் விடுவதில்லை.

ஒரு தையல் கடையைப் பற்றிய என் ஆய்வு முன்மொழிவை வாசித்த விரிவுரையாளர், வடிவமைப்பும் வணிகப் புத்தாக்கமும் பற்றிய ஆய்வு என்றால் பெரிய கம்பனி ஒன்றை எடுக்க வேண்டும், இதில் புத்தாக்கம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். அந்தக் கடப்புதான், சேர், புத்தாக்கம், அதை விளங்காமல் வியாபாரத்தை வீதிக்கு இழுத்தவன் நான் என்று சொல்லியிருக்கலாம். முன்மொழிவை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வெள்ளிக்கிழமை மட்டும்தான் ராத்தாவுக்குப் போன் கிடைக்கும். உங்களைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுது. ஆரு பிழை விட்டதெண்டும் எழுது."

சிரிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, சின்னவள் சாப்பிட்டாளா என்று விசாரித்தாள்.

முதல் பந்தியில் என் பிழையை வைத்து முன்மொழிவைத் திரும்ப எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை உம்மாவையும் கூட்டிக்கொண்டு பின்வீட்டுக்குப் போய், மதிலில் பெண்கள் வர ஒரு வழி விடச் சம்மதம் கேட்க வேண்டும். மறுத்தால் வீட்டின் ஓரமாய் ஓடும் ஒழுங்கைச் சந்துப் பக்கம் அளந்து பார்க்க வேண்டும். ராத்தாவின் ஒப்பந்தம் முடிய இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது.