கோழி கேட்டால் கொடுப்பார்

பெரியப்பாவை நினைத்தால் அவருடைய முகத்துக்கு முன்பே உள்ளங்கைதான் நினைவுக்கு வருகிறது. அதில் ஒரு பிடி உடைத்த கிளிஞ்சல். வெயில் சாயும் நேரத்தில் அதைக் கூண்டுகளுக்கு முன்னாலிருக்கும் தீவனத் தொட்டியில் தூவிக்கொண்டே நடப்பார். அதுவரை மக்காச்சோளத்தைக் கொத்திக்கொண்டிருந்த கோழிகள், சோளத்தை அப்படியே விட்டுவிட்டுக் கிளிஞ்சல் துண்டுகளாகப் பார்த்துப் பொறுக்கும். அதே கிளிஞ்சலைக் காலையில் போட்டால் பாதி தொட்டியிலேயே கிடக்கும். முட்டைக்கு ஓடு கட்டுவது இரவில். அதற்கு வேண்டிய சுண்ணாம்பை மாலையிலேயே தேடி எடுத்துக்கொள்ள வேண்டுமென்று எந்தக் கோழிக்கும் யாரும் பாடம் நடத்தியதில்லை. பெரியப்பா நின்று ரசிப்பார். "பாத்தியா கண்ணு, கோழிக்கு ஒடம்பு கேக்கும், அது திங்கும். மனுசனுக்கு ஒடம்பு ஒண்ணு கேக்கும், நாக்கு இன்னொண்ணு கேக்கும். நாமெல்லாம் நாக்குப் பேச்சக் கேக்கற ஜாதி."

நான் அப்போது தமிழ் இலக்கியம் படித்துப் பட்டம் வாங்கிவிட்டு, அந்தப் பட்டத்தை வைத்து என்ன செய்வதென்று தெரியாமல், நாமக்கல்லுக்குப் பக்கத்திலிருந்த அவர் பண்ணையில் மேற்பார்வையாளராக இருந்தேன். நான் கோழிகளை மேற்பார்த்ததைவிடக் கோழிகள் என்னை மேற்பார்த்ததுதான் அதிகம். நாக்குப் பேச்சைக் கேட்கும் ஜாதிக்கு உதாரணம் வேண்டுமென்றால் பெரியப்பா தூரம் போக வேண்டியதில்லை. நானே பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன். சாயங்காலமானால் ஏதாவது சாக்கு வைத்துப் பேருந்து நிலையத்துக்குப் போய் முட்டை பப்ஸ் தின்பேன். ஒருநாள் தின்றுகொண்டிருக்கும்போதே பிடித்துவிட்டார். "ஏன்டா, ஊட்டச் சுத்தி மலையாட்டம் முட்டை கெடக்குது. இங்க வந்து மைதா மாவுக்குள்ள பாதி முட்டையத் தேடிட்டு நிக்கற. இது பசியாடா?" கடைக்காரர் சிரித்தார். பப்ஸின் மேல்தோல் என் சட்டையெல்லாம் உதிர்ந்திருந்ததால் மறுப்பதற்கு வழியில்லை.

கோழி விஷயத்தில் அவரைப்போல் நியாயமான மனிதரை நான் பார்த்ததில்லை. ஒருசமயம் கடைசிச் செட்டில், அதாவது கடைசிக் கொட்டகையில், கோழிகள் ஒன்றன் இறகை ஒன்று பிடுங்கித் தின்னத் தொடங்கின. முதுகெல்லாம் ரத்தமாய்க் கோழிகள் நின்றன. தீவனம் அள்ளும் ஆள், "திமிருங்க. மறுக்கா மூக்கு நுனிய வெட்டிட்டா கொத்தாம அடங்கிரும்" என்றார். பெரியப்பா அவரைத் திட்டிய திட்டில் பக்கத்துச் செட்டுக் கோழிகளும் அடங்கின. "எறகத் திங்குதுன்னா கோழி மேல என்ன தப்பு? நாம போடற தீனியில என்னமோ கொறையுது. அதுக்கு வாயிருந்தாக் கேட்டிருக்கும். வாயில்லாததுனால எறகத் திங்குது." தொட்டியிலிருந்து ஒரு சிட்டிகைத் தீவனத்தை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்புக் குறைகிறது என்றார். உப்பைக் கூட்டியதும் சில நாட்களில் கோழிகள் மறுபடி கோழிகளாயின. அன்று அவர்மேல் எனக்கு உண்டான மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. அந்தச் சில நாட்களுக்குள்தான் அண்ணி கிளிஞ்சல் தின்றதும் நடந்தது.

அண்ணி, பெரியப்பாவின் ஒரே மகனுடைய மனைவி. எடப்பாடியில் விசைத்தறி வைத்திருந்த குடும்பத்துப் பெண். அண்ணன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனால் மழைக்காலத்துக்குத்தான் திரும்புவான். பெரியம்மா காலமாகிவிட்டதால் வீட்டில் மாமனார் சொல்வதுதான் சமையல். கல்யாணமான மறுவருடம் அண்ணி உண்டாகியிருந்தாள். வயிறு தெரிய ஆரம்பித்த பிறகு, அடுப்புச் சாம்பல், பச்சரிசி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதும் பல்பம் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாயில் போட்டாள். மசக்கைக்காரி அப்படித்தான் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். ஒரு சாயங்காலம் தீவன அறையில் சத்தம் கேட்டு, எலியென்று நினைத்துப் பெரியப்பா கதவைத் திறந்தார். மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அண்ணி கிளிஞ்சலை மென்றுகொண்டிருந்தாள். வெளியே செட்டுகளிலும் அதே நேரத்தில் அதே சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

முட்டை அடுக்கும் பெண்கள் அத்தனை பேரையும் பெரியப்பா கூப்பிட்டார். "வாங்க, வந்து பாருங்க. புதுசா ஒரு கோழி வந்திருக்குது." அண்ணி எழுந்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு நின்றாள். உதட்டோரம் வெள்ளையாக ஒட்டியிருந்தது. "என்னமோ தெரியலீங்க மாமா, இருக்க முடியலீங்க" என்றாள். "நாக்கக் கட்டத் தெரியாதவளுக்கு எதுக்கு அம்மிணி புள்ள? கோழியா இருந்தா மூக்கு வெட்டி உட்ரலாம். உன்னைய என்ன பண்றது?" என்றார். பெண்கள் சிரித்தார்கள், முதலாளி சொன்னால் சிரிக்கத்தானே வேண்டும். அன்றைக்கே தீவன அறைக்குப் பூட்டு வந்தது. அரிசிப் பானை அவருடைய அறைக்குப் போயிற்று. ஆசையைப் பட்டினி போட்டால் செத்துவிடும் என்பது அவர் கண்டுபிடிப்பு. கேட்டதெல்லாம் கொடுத்தால் குழந்தை பெருத்துப் பிரசவம் சிக்கலாகும் என்று யாரோ சொன்னதையும் அதோடு சேர்த்துக்கொண்டார். அண்ணிக்கு ஒருவேளைச் சோறு குறைந்தது.

கிராமத்துச் செவிலி வந்து கொடுத்துவிட்டுப் போன இரும்புச்சத்து மாத்திரைகள் அலமாரியில் அட்டை பிரிக்காமல் கிடந்தன. அவற்றைத் தின்றால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்பது வீட்டுச் சட்டம். கோழித் தீவனத்தில் சத்து மருந்து கலக்காமல் ஒரு மூட்டைகூட அந்தப் பண்ணையில் செட்டுக்குள் போனதில்லை. பொட்டலத்தின்மேல் சிறிய எழுத்தில் அச்சடித்திருப்பதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்த பிறகுதான் பிரிக்கவே விடுவார். மாதம் ஏற ஏற அண்ணி வெளுத்துக்கொண்டே போனாள். நகம், உதடு, கண்ணுக்குள் இருக்கும் சிவப்பு, எல்லாம் வெளுத்தன. மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துகொள்வாள். பெரியப்பா திருப்தியாகச் சொன்னார்: "கலர் கூடுது பாத்தியா? நாக்கக் கட்டுனதுக்கு அதான் பலன். புள்ள செவச்செவன்னு பொறக்கும்."

மாதம் நிறையுமுன்னே வலி கண்டுவிட்டது. வண்டியை நான்தான் ஓட்டினேன். நாமக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனை. ரத்தத்துக்கு அலைந்தோம். அண்ணி பிழைத்தாள். ஆண் குழந்தை, பிறந்து அழுதது, விடிவதற்குள் நிறுத்திக்கொண்டது. மருத்துவர் எங்களை அழைத்து, "உடம்புல ரத்தமே இல்லையே, சாம்பல், சுண்ணாம்பு, இப்படி ஏதாவது தின்னுட்டு இருந்தாங்களா?" என்று கேட்டார். பெரியப்பா ஆமாங்க என்றார். "அது ஆசை இல்லைங்க பெரியவரே. இரும்புச்சத்து ரொம்பக் குறைஞ்சா அப்படித் தோணும். தின்னதுனால வந்த கேடு இல்ல. கேடு இருந்ததுனால தின்னாங்க. நீங்க அப்பவே கூட்டிட்டு வந்திருக்கணும்." பெரியப்பா தலையாட்டிக் கேட்டார். இறகு தின்னும் கோழிகளைப் பற்றி அவரே சொன்னதைத்தான், வார்த்தை கொஞ்சம் மாற்றி, அவரிடமே ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். புரியாமல் இருக்க வழியே இல்லை. அவருக்குப் புரிந்தது என்பதற்கு எனக்குச் சாட்சி உண்டு: நாங்கள் வெளியே வந்ததும், விஷயம் கேட்டு ஓடிவந்த முதல் சொந்தக்காரர் வாயைத் திறக்குமுன்பே, பெரியப்பா அவசர அவசரமாகச் சொன்னார். "கிளிஞ்சலத் தின்னு புள்ளையத் தின்னுட்டா."

அந்த ஒரு வரி திருச்செங்கோடு, எடப்பாடி, ஜேடர்பாளையம் என்று எங்கெல்லாம் எங்களுக்கு உறவு உண்டோ அங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. அதன்பிறகு அண்ணிக்குக் குழந்தையில்லை என்பதால் அந்த வரிக்கு வயதே ஆகவில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் அண்ணி இலையில் கை வைத்தால் எதிர்வரிசையில் இரண்டு தலைகள் ஒன்றையொன்று நெருங்கும். அவள் விசேஷங்களில் சாப்பிடுவதையே விட்டுவிட்டாள். ஒருமுறை என்னிடம் சொன்னாள்: "ஆசைக்குத் திங்கலேன்னு ஒருதடவ அவரு வாயால சொல்லட்டுந் தம்பி. எங்கிட்டச் சொல்ல வேண்டாம். யாருகிட்ட அப்படிச் சொன்னாரோ, அவங்கள்ல ஒருத்தருகிட்டச் சொன்னாப் போதும்." மருத்துவர் சொன்னதை நான் கேட்டவரெல்லாரிடமும் சொல்லிப் பார்த்தேன். பண்ணையை விட்டுப் போய் நகைச்சுவைக் கட்டுரை எழுதிப் பிழைப்பவன் சொல்வதை யார் நம்புவார்கள்? அதையும் ஒரு தமாஷாகத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது பண்ணையை நடத்துவது அண்ணி. அண்ணன் இன்னும் ரிக் வண்டியோடுதான் அலைகிறான். பெரியப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டு, வாரத்தில் சில நாட்கள் ரத்தம் சுத்தம் செய்யக் கூட்டிப்போகிறார்கள். குடிக்கும் தண்ணீருக்கு அளவு உண்டு. உடம்புக்குள் போன தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் நுரையீரலில் ஏறிவிடும். ஆனால் தாகம் மட்டும் நாள் முழுக்க எடுக்கும். உடம்பு எது, நாக்கு எது என்று வாழ்நாளெல்லாம் பிரித்துக் காட்டியவருக்கு, உடம்பே பொய் சொல்லும் ஒரு நோய் வந்து வாய்த்திருக்கிறது. அண்ணி காலையில் ஒரு சொம்பில் அன்றைய தண்ணீரை அளந்து வைத்துவிடுவாள். அது தீர்ந்த பிறகும் அவர் கெஞ்சும்போது, இப்போது நான் குடியிருக்கும் சேலத்திலிருந்து போகும் நாட்களில் பார்த்திருக்கிறேன், யாருக்கும் சொல்லாமல் ஒரு வாய் ஊற்றுவாள். அந்த ஒரு வாய்க்காக அவர் மதியத்திலிருந்தே அவளுடைய காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பார்.

போன மாதம் நான் அங்கே இருந்தபோது, கல்யாணப் பத்திரிகை வைக்கத் தூரத்துச் சொந்தத்தில் ஒரு தம்பதி வந்தார்கள். அந்த அம்மாள் கட்டிலருகே உட்கார்ந்து, "ஏனுங் மாமா, மருமக நல்லாப் பாத்துக்கறாளுங்களா?" என்று கேட்டார். அண்ணி காப்பித் தட்டோடு வாசற்படியில் நின்றாள். உள்ளே வரவில்லை. எதற்காக நின்றாள் என்பது எனக்குத் தெரியும். பெரியப்பாவுக்கும் அவள் நிற்பது தெரியும்; அவளைப் பார்த்துவிட்டுத்தான் பேசினார்.

"பாத்துக்கறா, பாத்துக்கறா. எனக்குத் தண்ணிய அளந்து ஊத்தறா பாரு, அந்த அளவு அன்னிக்கு இவளுக்கு இருந்திருந்தா, இன்னேரம் எம் பேரன் காலேஜ் போயிட்டிருப்பான்."

அந்த அம்மாள் உச்சுக் கொட்டினார். கணவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பத்திரிகையை நீவினார். அண்ணி உள்ளே வந்து காப்பியைக் கொடுத்தாள். கல்யாணத்துக்கு அவசியம் வருவதாகச் சொன்னாள். வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தாள்.

அவள் காலடி கேட்டதும் பெரியப்பா உதட்டைச் சப்புக்கொட்டினார். "அம்மிணி, ஒரு வாய்."

"இன்னிக்குத் தண்ணி முடிஞ்சுதுங்க மாமா."

"தெனமும் குடுப்பியே சாமி."

"அது தப்புங்க மாமா. டாக்டரு வேண்டாம்னுதான் சொன்னாரு. நாந்தான் கேக்கலீங்க." குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை; செவிலி பேசுவதுபோல் பேசினாள். போர்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டு, காலிச் சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, செட்டுப் பக்கம் போய்விட்டாள்.

அவர் முகத்தை என் பக்கம் திருப்பினார். "கண்ணு, நாக்கு மேல ஒட்டிக்குதுடா." நாக்கை நீட்டிக் காட்டவும் செய்தார். வெடிப்பு விட்ட வயல்போல் இருந்தது. பேருந்து நிலையத்தில் வாங்கிய தண்ணீர் பாட்டில் என் பையில் இருந்தது. எடுத்தேன். பெரியப்பாவின் கண்கள் பாட்டிலோடு கூடவே மேலே ஏறின. தலையைத் தூக்கி வாயைக்கூடத் திறந்துவிட்டார். நான் மூடியைத் திருகி, அவர் பார்க்கப் பார்க்க, நிறுத்தாமல், அடிவரைக்கும் நானே குடித்தேன். எனக்கு அவ்வளவு தாகமெல்லாம் இல்லை.