ஊசித்தட்டானுக்குப் பின்னால் நின்றவர்

போன வாரம் தம்பி மகள் தன் புதுக் கைப்பேசியில், டீ கிளாஸ் விளிம்பில் ஊர்ந்த ஓர் எறும்பைப் படமெடுத்துக் காட்டினாள். எறும்பின் மீசை வரை தெரிந்தது. "பின்னாடி எல்லாம் எப்படிக் கலங்கியிருக்கு பாத்தீங்களா பெரியப்பா? அதுவே பண்ணிக்குது," என்றாள். பின்னால் கலங்கிக் கிடந்தது நான்தான். நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆளைக் காணோம், சட்டையின் நீலம் மட்டும் ஒரு திட்டாக மிஞ்சியிருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். இத்தனை வருஷம் கழித்தும் கலங்கிய படத்தை என்னால் உட்கார்ந்து பார்க்க முடிவதில்லை. காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்தாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன்.

ஒரத்தநாட்டில் ஜமால் பாய் ஸ்டூடியோவில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு மீசை சரியாக முளைத்திருக்கவில்லை. பத்தாவதோடு படிப்பு நின்றிருந்தது. ஆட்களிடம் பேச்சு வராது. "கொஞ்சம் சிரிங்க" என்று மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டிய தொழிலில் அப்படி ஒருவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பாய் என்னை இருட்டறைக்குள் தள்ளிவிட்டார். "உள்ள யாருகிட்டயும் பேச வேண்டாம்டா. ஹைப்போகிட்ட பேசிக்க," என்றார். படம் கழுவும் அந்த மருந்தின் புளித்த வாடை என் சட்டையில் ஏறி, வீடு வரை வந்தது. ஊறுகாய்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து அம்மா ஒரு நாள் ஜாடியைக் கொட்டிக் கழுவி வைத்துவிட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. நல்ல எலுமிச்சை ஊறுகாய்.

பூச்சிகளிடம் சிரிக்கச் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் அந்தப் பக்கம் போனேனோ என்னவோ. சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்த ஒருவர் பாயிடம் தள்ளிவிட்டுப் போன பழைய கேமரா ஒன்று இருந்தது. அதன் லென்ஸ் திருகி உட்காரும் வளையம் தேய்ந்துபோனதால், கடையில் யாரும் அதைத் தொடுவதில்லை. ஒரு மதியம் சும்மா அந்த லென்ஸைத் திருப்பிப் பிடித்து, தலைகீழாகக் கேமராவில் ஒட்டிப் பார்த்தேன். மேசை மேல் கிடந்த தீக்குச்சியின் மருந்துத் தலை மலைபோல் எழுந்து நின்றது. சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி லென்ஸைச் சுற்றி மாட்டினேன், வெளிச்சம் கசியவில்லை. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை அட்டையில் ஒட்டி வெயிலைத் திருப்பினேன். என் சாமான் அவ்வளவுதான். கூட்டங்களில், கல்யாணங்களில் எடுத்து மிஞ்சிய ஃபிலிமை, "எடுத்துக்கடா, எறும்புக்கும் ஒரு போட்டோகிராபர் வேணும்ல," என்று பாய் கொடுத்துவிடுவார்.

தலைகீழ் லென்ஸில் தூரம் சரிசெய்ய வழி கிடையாது. நாம்தான் ஒரு நெல்மணி அகலம் முன்னே போக வேண்டும், பின்னே வர வேண்டும். மூச்சை அடக்க வேண்டும். காற்று வந்தால் தொலைந்தது. தட்டானின் கண் துலங்கினால் வால் துலங்காது. அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் பாலில் கரைத்த மாதிரி ஆகிவிடும். அதுதான் அழகு என்று அப்போது நினைத்திருந்தேன்.

வீட்டிலிருந்து கடைக்கு வரும் வழியில், புது ஆற்றிலிருந்து பிரிந்து ஓடும் வாய்க்காலை ஒட்டி, தங்கராசு அண்ணனும் அவர் பெண்டாட்டி அஞ்சம்மா அக்காவும் சாகுபடி செய்த வயல் இருந்தது. அங்கே ஊசித்தட்டான் அதிகம். விடிந்ததும் பனி காய்வதற்குள் போய் வரப்பில் முட்டி போட்டுவிடுவேன். அண்ணன் அதிகம் பேச மாட்டார். "கதிர மிதிச்சிடாதப்பா," என்பதோடு சரி. அக்கா அவருக்கும் சேர்த்துப் பேசுவாள்.

"காலங்காத்தால இதுக்கு முன்னால முட்டி போடுறியே தம்பி, இது என்னா உனக்கு மொறைப்பொண்ணா?"

"இல்லக்கா... ரெக்க நல்லா இருக்கு."

"ரெக்க நல்லாத்தான் இருக்கும். எங்களயெல்லாம் புடிக்க மாட்டியா? ரெக்க இருந்தாத்தான் புடிப்பியா?"

நான் சிரித்துவிட்டுக் கேமராவுக்குள் முகத்தை மறைத்துக்கொள்வேன். நாற்று விட்டதிலிருந்து அறுப்பு வரை, குறுவை, தாளடி என்று இரண்டு போகமும் அந்த வயலில்தான் கிடந்தேன்.

அந்த நிலம் தஞ்சாவூரில் இருந்த ஒரு மிராசுதாருடையது. அண்ணனின் அப்பா காலத்திலிருந்து குத்தகை. களத்திலேயே நெல்லை அளந்து கொடுத்துவிடுவார்கள், ரசீது கிடையாது. குத்தகைக்காரர்கள் தங்கள் பெயரைத் தாலுகா ஆபீசில் பதிந்துகொள்ளலாம் என்று அரசாங்கம் சட்டம் போட்டிருந்தது. பலர் பதிந்துகொண்டார்கள். இவர்கள் பதியவில்லை. "பேரப் பதிஞ்சா பெரியவரு மனசு நோகும்ல," என்று அண்ணன் சொன்னாராம். பெரியவர் இறந்து, மகன் கைக்கு நிலம் வந்ததும் முதல் வேலையாக, இவர்கள் கூலிக்கு வந்தவர்கள், குத்தகையே இல்லை என்று சொல்லிவிட்டார். கிராமக் கணக்கிலும் இவர்கள் பெயர் இல்லை. சாட்சி சொல்ல அக்கம்பக்கத்தில் எவரும் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் உழுததும் அதே மிராசுதார் வீட்டு நிலம்தான்.

இவர்கள் மனுக் கொடுத்து, தாசில்தார் விசாரணைக்கு வாய்தா போட்டிருந்தபோது அக்கா தங்கள் வக்கீலிடம் சொல்லிவிட்டாள்: "போட்டோ இருக்குய்யா. ஸ்டூடியோத் தம்பி எங்க வயல்லயேதான் கெடந்துச்சு." வக்கீலுக்குச் சந்தோஷம். நாற்றங்காலிலிருந்து அறுப்பு வரை அதே ஆள் நிற்கிற படம் இருந்தால் கூலி என்று எப்படிச் சொல்வான் என்றாராம். இதை அக்கா கடைக்கே வந்து என்னிடம் பெருமையாகச் சொன்னாள். "தேடிப் பாக்குறங்க்கா," என்று மட்டும் சொன்னேன்.

தேடினேன். கண்ணாடிக்கு அடியில் பல்பை எரியவிட்டு எல்லா நெகட்டிவையும் பார்த்தேன். வெட்டுக்கிளியின் முழங்கால். கதிர்நாவாய்ப் பூச்சியின் முட்டை. சிலந்தி. பனித்துளி. எந்த ஊர், யார் வயல் என்று எதிலும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. ஒரு வரப்பு இல்லை, ஒரு மனுஷ முகம் இல்லை. ஒன்றே ஒன்றில், கதிரில் உட்கார்ந்த ஊசித்தட்டானுக்குப் பின்னால் வெளுப்பாக நீளமாக ஒரு திட்டு இருந்தது, அதன் உச்சியில் கறுப்பாக ஒரு பொட்டு. மடை திறக்க மண்வெட்டியோடு நின்ற அண்ணன் அது. நெகட்டிவில் வெள்ளை கறுப்பாகத்தான் தெரியும், அந்தப் பொட்டு அவருடைய வெள்ளைத் தலைப்பாகை. அது எனக்குத் தெரியும். பெரிதாக்கிப் போட்டேன். இன்னும் பெரிய தாளில் போட்டேன். புகைதான் பெரிதானது, ஆள் வரவில்லை. வாய்தா நெருங்க நெருங்க, கடை வாசலில் சைக்கிள் மணி கேட்டாலே அக்காதான் என்று இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.

அக்காவுக்கு முன்னால் வந்தவர் அந்த மிராசுதார் வீட்டுக் காரியஸ்தர். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் மறுநாளே அந்தக் கரை வேட்டி அவர் இடுப்பில் இருக்கும்.

"படம் எடுத்து வச்சிருக்கியாமே தம்பி? காட்டு, பாப்போம்."

நான் தரையைப் பார்த்தேன்.

"எத்தன படம்?"

பேச்சு வந்தால்தானே சொல்வதற்கு?

"எவ்வளவு அழுத்தம் பாத்தீங்களா பாய்! வாயத் தொறக்குறானா பாருங்க."

"கஸ்டமர் படத்த அடுத்தவங்களுக்குக் காட்டுறதில்லீங்க," என்றார் பாய். "உங்க வீட்டுக் கல்யாணப் படத்த எவனாவது வந்து கேட்டா காட்டலாமா, சொல்லுங்க?"

காரியஸ்தர் முகம் மாறியதைப் பார்த்தேன். பயத்தில் நான் ஊமையாக நின்றதை, கைவசம் பெரிதாக எதையோ வைத்திருக்கிறேன் என்று எடுத்துக்கொண்டுவிட்டார். அந்த வாரமே அக்காவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். பாதி நிலத்தை எழுதித் தருகிறோம், பாதியை விட்டுவிடுங்கள், வாய்தாவுக்கு முன்னால் முடிவு சொல்லுங்கள் என்று.

மறுநாள் புருஷனும் பெண்டாட்டியுமாக வந்தார்கள். அக்கா கேலி எதுவும் பேசவில்லை.

"வக்கீலு, முழுசும் வாங்கிடலாங்குறாரு தம்பி. படத்த நம்பித்தான். நாங்க தெரியிறமா? உள்ளதச் சொல்லு."

உறையிலிருந்து அந்த ஒற்றைப் படத்தை எடுத்து மேசையில் வைத்தேன். அது நழுவிக் கீழே விழ, பாய் எடுத்துக் கொடுத்தார். அக்கா வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். தட்டானைப் பார்க்கவில்லை, நேராகத் திட்டுக்குத்தான் போனாள்.

"இது இவருதான். ஒரு கால மடக்கிக்கிட்டு நிக்கிறாரு பாரு. இந்த நிப்பு வேற யாருக்கு வரும்?"

"அக்கா, தாசில்தாருக்கு..."

"அவரு என்னா, இவரோட இருவது வருசம் குடும்பம் நடத்துனாரா?" என்றாள். பாய் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. படத்தை அண்ணன் கையில் கொடுத்து, "பாதிய வாங்கிக்குவோம்," என்றாள். அண்ணன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பூச்சி நல்லா விழுந்திருக்கு," என்று என்னிடம் சொன்னார். அவர் என் படத்தைப் பற்றிச் சொன்ன ஒரே வார்த்தை.

பத்திரம் பதிந்து, நிலத்தை அளந்து நடுவில் புது வரப்புப் போட்ட பிறகு அக்கா கூப்பிட்டு அனுப்பினாள். "இந்தத் தடவ பூச்சி வேண்டாம். நாங்க தெரியணும், எங்க வயலு தெரியணும்." லென்ஸை நேராகத் திருப்பி, கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். இரண்டு பேரும் விறைப்பாக நின்றார்கள். எல்லாமே துல்லியமாக விழுந்தது. புது வரப்பும், அதற்கு அப்பால் விட்டுக்கொடுத்த பாதியும் விழுந்தன. அங்கேயும் இவர்கள் நட்ட பயிர்தான், கதிர் முற்றி நின்றது. அக்கா பிரதியைப் பார்த்துவிட்டு, வரப்போரமாக விரலால் கோடு இழுத்தாள்.

"இதோட வெட்டிடுங்க பாய்."

பாய் என்னைப் பார்த்தார். அளவுக்கட்டை வைத்து நான்தான் வெட்டினேன்.

அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். அக்கா மகளோடு திருப்பூரில் இருப்பதாகக் கேள்வி. ஸ்டூடியோ இருந்த இடத்தில் வேறு கடை. வயலின் இரண்டு பாதியும் மனைக்கட்டாகிவிட்டது. அந்தப் பக்கம் போனால், வரப்பு எந்த வீட்டுக்கு அடியில் போகிறது என்று யோசிப்பேன், பிடிபடாது. வெட்டிய துண்டில் அந்தப் பாதி வயல், கதிர் தொங்க, ஒரு தாள்கூடக் கலங்காமல் இருந்தது. அன்று சாயங்காலம் கடையைக் கூட்டும்போது மற்ற காகிதங்களோடு அதையும் அள்ளிக் கொட்டிவிட்டேன்.