பால்கார அக்காவும் பால் ஆகாத பிள்ளையும்

ஞாயிற்றுக்கிழமை காலை, தொலைபேசி அடித்தபோது நான் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். ஈரக் கையோடு எடுத்தேன். கிள்ளானில், என் நாத்தனார் தனியாக இருக்கிற எங்கள் பழைய வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பெண்தான் பேசினாள்.

"டீச்சர், அக்கா இன்னும் கதவு தொறக்கல லா. ஜன்னல் வழியா கூப்பிட்டுப் பாத்தோம். எங்க வீட்டுக்காரருதான் கதவ ஒடச்சு உள்ள போனாரு..."

அதற்கு மேல் அழுகைதான். நானும் "சரிம்மா, சரிம்மா" என்று, எதற்குச் சரி என்று தெரியாமலே சொல்லிக்கொண்டிருந்தேன். என் கணவரின் மூத்த சகோதரி ருக்குமணி அக்கா தூக்கத்திலேயே போய்விட்டார். "எங்களோடு சுபாங் ஜெயாவுக்கு வந்துவிடுங்கள்" என்று எத்தனை தடவை கெஞ்சியிருப்போம்! "அங்க வந்து நான் என்னா பண்றது? உங்க கார் ஷெட்டுலயா மாடு கட்டுறது?" என்று சிரித்தே அனுப்பிவிடுவார். மாடுகளை நகராண்மைக் கழகத்தார் கட்டக் கூடாது என்று சொல்லி வெகு காலம் ஆகியிருந்தது. வெறும் கொட்டகையைக் காவல் காத்துக்கொண்டுதான் கிடந்தார் மனுஷி.

கிள்ளானில் அவரிடம் பால் வாங்கிய குடும்பங்கள் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கு அவர் பால்கார அக்கா. கல்யாணமாகிக் கொஞ்ச காலத்திலேயே கணவரைப் பறிகொடுத்து, பிள்ளையும் இல்லாமல் தாய்வீட்டுக்குத் திரும்பி, தகப்பனார் விட்டுப்போன மாடுகளைக் கையில் எடுத்துக்கொண்டவர். தம்பியைப் படிக்க வைத்து ஆளாக்கியதும் அந்தப் பால்தான். தண்ணீர் கலந்தார் என்று அவரை யாரும் ஒரு நாளும் சொன்னதில்லை. சொன்னால் சொன்னவர் வீட்டு வாசலில் நின்று ஊரைக் கூட்டிவிடுவார், அது வேறு விஷயம். நீங்கள் அறியாத ஒன்றைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அவருடைய பால் ஒரே ஒரு பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாமல் போயிற்று. அது என் பிள்ளை.

நான் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். மாட்டுச் சாணியை மிதித்தாலே முகம் சுளிப்பேன். என்னைப் போய் மாட்டுக்கொட்டகை வீட்டில் கட்டிக்கொடுத்தார்களே என்று முதல் வருடம் முழுக்க முணுமுணுத்தேன். மாமியார் இல்லாத வீடு, நாத்தனார்தான் எல்லாம். 'நாத்தனார் இருக்கிற வீட்டில் அடுப்பு புகையும்' என்று குவார்ட்டர்ஸ் பெண்கள் வேறு பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். அக்காவோ என்னை "டீச்சரு" என்று கேலி பண்ணுவாரே தவிர, ஒரு வேலை ஏவியதில்லை.

எழுபதுகளின் கடைசியில் எனக்குக் குமரன் பிறந்தான். பிறந்த அன்றிலிருந்து அக்கா என்னைப் பாலால் குளிப்பாட்டாத குறைதான். காலையில் பூண்டு போட்டுக் காய்ச்சிய பால், பத்து மணிக்குக் கேழ்வரகுப் பால் கஞ்சி, மத்தியானம் கெட்டித் தயிர், சாயங்காலம் மறுபடியும் ஒரு பெரிய டம்ளர் பால், சோற்றுக்கு மேல் உருக்கின நெய். "போதும்க்கா, வயிறு வெடிச்சிரும்" என்பேன். "நீயா குடிக்கிற? உன் புள்ளயில்ல குடிக்கிறான். மாட்டுக்குத் தீனி போட்டாத்தான் கறக்கும்" என்பார். என்னை மாடு என்கிறாரே என்று கோபம் வரும். ஆனால் டம்ளர் காலியாகும்வரை அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்.

பிள்ளைத் துணியை அவர்தான் துவைத்தார். பிள்ளை பெற்றவள் பச்சைத் தண்ணீரில் கை வைக்கக் கூடாது என்று ஆரம்பித்தது. நான் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிய பிறகும் அந்த வேலையை அவர் விடவில்லை. கோலாலம்பூரிலிருந்து என் அம்மா பூப்போட்ட, தடித்த துண்டு நாப்கின்கள் வாங்கி அனுப்பியிருந்தார். அக்கா அவற்றை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, தம்பியின் பழைய வெள்ளை வேட்டிகளைச் சதுரம் சதுரமாகக் கிழித்தார்.

"துணி வெள்ளையா இருக்கணும் டீச்சரு. புள்ளைக்கு வாய் இல்ல. இந்தத் துணிதான் அதுக்கு வாய்."

துவைத்து, மண்ணெண்ணெய் டின்னில் போட்டுக் கொதிக்கவைத்து, கொட்டகைக்குப் பின்னால் கம்பியில் காயப்போடுவார். மழை நாளில் கரி நெருப்பின் மேல் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் துணியைப் பரப்பி, சாம்பிராணி புகை காட்டி எடுப்பார். பள்ளிக்கூடத்து இடைவேளை மணி அடிக்கும்போது, அந்த வாசனையோடு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டருகே நிற்பார். நூலக அறையில் உட்கார்ந்து நான் பால் கொடுப்பேன். யாரும் வந்துவிடாமல் அவர் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நிற்பார்.

பிள்ளை மட்டும் தேறவில்லை. பால் குடித்த கொஞ்ச நேரத்தில் முதுகை வில்லாக வளைத்துக் கத்துவான். கன்னமும் முழங்கை மடிப்பும் செக்கச் செவேலென்று புண்ணாகிக் கிடந்தன. ஒரு நாள் அக்கா ஒரு துணியை அலசாமல் அப்படியே கொண்டுவந்து காட்டினார். சளி மாதிரி வழுவழுப்பு, அதில் நூல் நூலாக ரத்தம். கிளினிக்குக்கு ஓடினோம். தாய்ப்பால் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, பால் மாவு கொடுத்துப் பாருங்கள் என்றார்கள். கொடுத்தோம். ஒரே வாந்தி. முகம் முழுக்கத் தடித்து, கண் திறக்க முடியாமல் போயிற்று. பயந்துபோய் மறுபடியும் என் பாலுக்கே வந்தோம். அக்கா என்ன செய்வார்? எனக்குப் பால் சத்து போதவில்லை என்று இன்னொரு டம்ளர் சேர்த்துக் கொடுத்தார். நானும் மருந்து குடிக்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். பிள்ளை நாளுக்கு நாள் இளைத்தான். தூக்கினால் துணி மூட்டையைத் தூக்குகிற மாதிரி இருந்தது. இவன் எனக்குத் தங்க மாட்டான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேதான் அவனைத் தாலாட்டினேன்.

அந்த நேரத்தில்தான் என் அப்பா இறந்தார். பிள்ளையோடு பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போனேன். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கருமாதி முடிகிறவரை வீட்டில் பால் காய்ச்ச மாட்டோம். தயிரும் நெய்யும் கிடையாது. பால் இல்லாத கோப்பி ஓ, ரசம், சோறு, அவித்த காய். அழுது அழுது எனக்கு நாக்கில் ருசியே இல்லை. என்ன சாப்பிட்டேன் என்றுகூட ஞாபகமில்லை. பிள்ளைத் துணியை என் அம்மாதான் அலசினார். பிள்ளை முன்னைப்போலக் கத்துவதில்லை என்பது மட்டும் தெரிந்தது. தாய் படுகிற துக்கம் பிள்ளைக்கும் தெரியும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

கருமாதிக்கு முதல் நாள் அக்கா வந்தார். வந்ததும் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, குழாயடியில் கிடந்த பிள்ளைத் துணிகளைத் துவைக்க உட்கார்ந்துவிட்டார். பழக்கம் யாரை விட்டது! நான் அந்தப் பக்கம் போனபோது, ஒரு துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டேன். "ஒன்னுமில்ல, தண்ணி நல்ல தண்ணியா இருக்கு" என்றார்.

கிள்ளானுக்குத் திரும்பினோம். அன்று சாயங்காலமே பழையபடி பூண்டுப் பால் வந்தது. இரண்டு மூன்று நாளில் பிள்ளை மறுபடியும் முதுகை வளைத்து அலற ஆரம்பித்தான். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அக்கா கொட்டகைக்குப் பின்னால் கம்பியடியில் நின்றுகொண்டிருந்தார். கையில் அலசாத துணி. முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"என் பால்தான் டீச்சரு."

எனக்குப் புரியவில்லை.

"உங்க அப்பா வீட்டுல நீ பால் குடிக்கல. அங்க துணி சுத்தமா இருந்துச்சு, நானே பாத்தேன். இங்க வந்து நான் ஊத்திக் குடுத்தேன். ரத்தம் வந்துருச்சு. நான் கறந்து குடுக்கிறதுதான் உன் வழியா அவனுக்குப் போவுது. நான்தான் அவன வதைச்சுக்கிட்டு இருந்திருக்கேன்."

சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். கட்டுத்தறியில் மாடுகள் தீனிக்குக் கத்திக்கொண்டிருந்தன. அவர் எழுந்திருக்கவே இல்லை.

அடுத்த வாரம் வேறொரு லேடி டாக்டரிடம் போனோம். அக்காவே பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, நடந்ததை முழுக்கச் சொன்னார். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். சில குழந்தைகளுக்கு அப்படி இருக்கும், பால் மாவும் மாட்டுப் பால்தான், தாய் மாட்டுப் பால் குடிப்பதை நிறுத்திவிட்டுத் தாய்ப்பாலைத் தொடரட்டும் என்றார். அதோடு என் நாக்குக்கு வந்தது கேடு! டீ கிடையாது, தயிர் கிடையாது, பிஸ்கட்கூடக் கிடையாது. அக்கா எனக்கென்று தனிச் சட்டி, தனிக் கரண்டி வைத்தார். முருங்கைக்கீரையும் பால் சுறா மீனும் மாறி மாறி வந்தன. நெத்திலி அவித்துக் கொடுத்தார். பால் கறந்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் என் தட்டைத் தொட மாட்டார். துணி வெளுத்தது. பிள்ளைக்குக் கன்னத்தில் சதை வைத்தது.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைப்பீர்கள். அப்போதுதான் டெங்கிலிலிருந்து பெரியம்மா, என் கணவரின் பெரியம்மா, பிள்ளை பார்க்க வந்தார். விஷயத்தைக் கேட்டார். கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, அடுப்படியில் இருக்கிற அக்காவுக்குக் கேட்கட்டும் என்றே சொன்னார்.

"பாலு என்னா பண்ணுச்சு? தலைமுறையா இந்த ஊட்டுல குடிக்காத பாலா? கறக்கிற கையில்ல பாக்கணும். வயிறு தொறக்காதவ, பச்சப் புள்ளய நாள் பூரா தோள்ல போட்டுக்கிட்டுத் திரியறா. கண்ணு படாம என்னா செய்யும்?"

அக்கா வெளியே வரவில்லை. அன்றிலிருந்து பிள்ளையைத் தூக்குவதை நிறுத்திவிட்டார். துணியை மட்டும் துவைப்பார், காயவைப்பார், மடித்துத் தொட்டிலுக்கு எட்டத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார். இடைவேளைக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பிள்ளையைக் கொடுத்து அனுப்பினார். பிள்ளையோ அவரைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு எம்புவான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொட்டகைக்கு ஓடுவார்.

"ஏங்க்கா, பாலுன்னு சொல்லாமலே எனக்குக் குடுக்கிறத நிறுத்தியிருக்கலாம் இல்ல? யாருக்குத் தெரியப்போவுது? இவங்க வாய்க்கு நீங்களே அவல் அள்ளிப் போட்டுட்டீங்களே" என்று ஒரு நாள் கேட்டேன்.

"சொல்லாம விட்டா நாளைக்கு வேற யாராச்சும் ஊத்திக் குடுப்பாங்க. இப்படிப் பேசுவாங்கன்னு எனக்குத் தெரியாதா? கறந்த பால் மடி ஏறாது டீச்சரு. சொன்னது சொன்னதுதான். புள்ள நல்லா இருக்கானா, அது போதும்."

தெரிந்தேதான் சொல்லியிருக்கிறார்! அடுத்த முறை பெரியம்மா வந்தபோது நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே கொட்டகைக்குப் போனேன். அக்கா கறந்துகொண்டிருந்தார். பால் வாளியை நகர்த்திவிட்டு அவர் மடியில் பிள்ளையை உட்காரவைத்தேன். "ஐயோ, வேணாம், வேணாம்" என்று பதறினார். பெரியம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பெரியம்மா, நல்லா பாத்துக்குங்க. இவனுக்கு நின்ன ரத்தம் இவங்க கண்ணாலதான் நின்னுச்சு. இந்தக் கண்ணு இவன் மேல படணும். தினமும் படணும்" என்றேன். என் குரல் ஊருக்கே கேட்டிருக்கும். பெரியம்மா வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். பிள்ளை அக்காவின் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தான். அவர் அவனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விசும்பினார். வாளியில் இருந்த பாலைப் பூனை குடித்ததைக்கூட நாங்கள் கவனிக்கவில்லை.

குமரனுக்கு வயது ஏற ஏறப் பால் பழகிவிட்டது. ஆனாலும் அக்கா அவனுக்குத் தன் கையால் ஒரு டம்ளர் பால் கொடுத்ததில்லை. "வேற யாராச்சும் குடுங்க, எனக்குக் கை வராது" என்பார். அவனை வளர்த்தவர், சைக்கிளில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர், அவன் மேற்படிப்புக்குக் கிளம்பியபோது என்னைவிட அதிகமாக அழுதவர், அந்த ஒன்றை மட்டும் செய்யவில்லை. பெரியம்மா சொன்ன சொல் அவருக்குள் எங்கேயோ தங்கிவிட்டிருக்கிறது. என்னால் அதைப் பிடுங்கி எறிய முடியவில்லை.

பினாங்கிலிருந்து குமரன் வந்து சேர்ந்ததும் தகனம் நடந்தது. மறுநாள் காலை பால் தெளிக்கப் போனோம். சடங்கு செய்கிற பண்டாரம் செம்பில் பாலை ஊற்றி வைத்துக்கொண்டு, "பால் தெளிக்கிறவரு இறந்தவங்களுக்கு என்னா முறை?" என்று கேட்டார்.

"என் மகன். அவங்களுக்குத் தம்பி மகன்" என்றார் என் கணவர்.

"இல்ல சாமி. நான் அவங்க புள்ள. அப்படியே சொல்லிச் செய்யுங்க" என்றான் குமரன்.

உறவினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பண்டாரம் அப்படியே சொன்னார். அவன் செம்பை இரண்டு கையாலும் பிடித்துச் சாம்பல் மேல் பாலை ஊற்றினான். ஊற்றி முடித்தும் எழுந்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

அக்காவிடமிருந்து உனக்கு என்ன மிச்சம் என்று துக்கம் கேட்க வந்தவர்கள் விசாரிக்கிறார்கள். நகையா, வீடா என்று அர்த்தம். அன்று அக்கா வாயை மூடிக்கொண்டிருந்தால் அவருக்கு ஒரு கெட்ட பேரும் வந்திருக்காது; எனக்குப் பிள்ளை இருந்திருக்காது. மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாகச் சாம்பலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தானே, அவன்தான் எனக்கு மிச்சம்.