ஏஞ்சலம்மாள் விதவையான கோடை

ஏஞ்சலம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. தாராவியில் கட்டியவர் ஒருத்தர், பெற்றது ஒரு மகள், வாங்கியது நான்கு கிரைண்டர். எல்லாமே பழுதில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. மகள் ஷைனி ஐரோலியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தாள். கணவர் சேசுராஜ் தோல்பை பட்டறையில் மேஸ்திரி, மாதா கோயில் பாடகர் குழுவில் அடித்தொண்டைக்காரர், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் கோயில் பங்கின் மதுவிலக்குச் சபைச் செயலாளர். கல்யாண வீட்டில் யாராவது கோலா நீட்டினால்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார்.

இப்படிப்பட்டவரைத்தான் போன வருஷத்துக்கு முந்தின மே மாதம் ஏஞ்சலம்மாள் குடிக்கவைத்தே சாகடித்தாள்.

மாட்டுங்காவில் ஒரு கலை மையம் உண்டு. ஊருக்குப் போக டிக்கெட் கிடைக்காத குடும்பத்துப் பிள்ளைகளுக்காக ஏப்ரல், மே மாதங்களில் அங்கே கோடை முகாம் நடக்கும். பரதம், வீணை, சுலோகம், வேத கணிதம், ஆளுமை வளர்ச்சி, எல்லாம் ஆறே வாரத்தில். கடைசி நாள் அரங்கேற்றத்தில் பிள்ளைகள் தமிழ்ப் பாட்டை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுவார்கள். பெற்றோர் எல்லாரும் கைபேசியைத் தூக்கிப் பிடிப்பதால் பின்வரிசைக்காரர்களுக்குக் கைபேசிகளின் முதுகுதான் தெரியும். முகாமில் நூற்றிருபது பிள்ளைகளுக்கும் பத்தரை மணி இட்லி ஏஞ்சலம்மாளுடையது. அந்த முகாமில் பிள்ளைகள் மிச்சமில்லாமல் உள்வாங்கிக்கொண்டது அது ஒன்றுதான்.

அந்த வருஷம் மையத்துக்கு நன்கொடை தரும் கம்பெனி ஒரு கேள்வி கேட்டது: உங்கள் நிகழ்ச்சிகளில் சமூகம் எங்கே? செயலாளர் ஜம்பு வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். பதினெட்டு வருஷமாகச் சமூகம் இல்லாமலே மையத்தைக் கட்டிக் காத்தவர். பதறிப்போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தார். சமூகம் பின்வாசலில் இட்லித் தூக்கோடு நின்றுகொண்டிருந்தது.

"ஏஞ்சலம்மா, நாலு நாள் வந்து உக்காந்து உங்க கதையைச் சொல்லுங்கோ, போறும். சாருலதான்னு ஒரு பொண்ணு, டில்லியில டிராமா படிச்சவ, அவ எல்லாத்தையும் பாத்துப்பா."

"எனக்கு என்ன சார் கத இருக்கு. இட்லி அவிக்கேன்."

"அதான் கதை," என்றார் ஜம்பு.

சாருலதா செம்பூரில் பிறந்தவள். முப்பது வயது, கழுத்தில் ஒரு மரமணி மாலை, நாடகத்துக்குப் பெயர் 'காயங்களின் குரல்'. தாராவியிலிருந்து நான்கு பெண்கள் மேடையில் உட்கார்ந்து தங்கள் வாழ்க்கையைத் தாங்களே சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் பிரிக்கும் பட்டறையில் வேலை செய்யும் சஃபீனா, வெள்ளத்தில் வீடு போனதைச் சொல்லி முடிப்பதற்குள் சாருலதா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். அடுத்தது ஏஞ்சலம்மாள். ஒரு கிரைண்டர் நான்கான கதையையும், தகர வீடு சிமெண்ட் வீடான கதையையும், ஷைனி முதல் சம்பளத்தில் ஃபிரிட்ஜ் வாங்கிய கதையையும் அவள் விளக்கமாகச் சொன்னாள்.

சாருலதா பேனாவை மூடினாள்.

"நல்லா இருக்குக்கா. ஆனா இது சக்சஸ் ஸ்டோரி. எனக்கு உள்ள இருக்கற காயம் வேணும்."

"போன வருசம் ஆவி பட்டு இந்தக் கை பூரா வெந்து போச்சு."

"அந்தக் காயம் இல்லக்கா. மனசுல." அவள் குரலைத் தாழ்த்தினாள். "உங்க வீட்டுக்காரர் அடிப்பாரா?"

"அவியளா? அவிய கொசுவ அடிச்சாலே சாமியார்ட்டப் போயி பாவசங்கீர்த்தனம் பண்ணுவாவ."

மறுநாள் ஒத்திகையில் மற்ற மூவருக்கும் நடுமேடையில் நாற்காலி கிடைத்தது. ஏஞ்சலம்மாளைப் பின்னால் ஒரு மூலையில் வாளியோடு நிற்கச் சொன்னார்கள். அது உழைப்பின் அடையாளமாம். ஒன்றரை மணி நேரம் வெறும் வாளியைத் தூக்கிக்கொண்டு நின்றாள். தண்ணீர் நிறைந்த வாளி இவ்வளவு கனத்ததில்லை. சஃபீனா பேசப் பேசச் சாருலதா கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது. சந்தோஷமாக இருப்பதற்கு இப்படியும் ஒரு தண்டனையா என்று நினைத்தாள்.

மூன்றாம் நாள் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "எம் புருசன் குடிப்பாவ."

அதற்குமேல் அவள் யோசிக்கவே தேவைப்படவில்லை. மதுவிலக்குச் சபைக் கூட்டத்தில் மாதாமாதம் சேசுராஜ் ஒரே பிரசங்கத்தைப் பதினைந்து வருஷமாகச் செய்து வருகிறார். அடகுக்குப் போன தாலி, பிள்ளையின் பள்ளிக்கூடப் பையைக்கூட விற்றுக் குடித்த தகப்பன், ஈஸ்டர் காலையில் சாக்கடை ஓரம் விறைத்துக் கிடந்த உடம்பு. அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். பங்கில் அதைக் கேட்டுக் கொட்டாவி விடாதவர் இல்லை. இங்கே சாருலதா அவள் காலடியில் உட்கார்ந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"இதை இவ்வளவு நாள் எங்கக்கா வச்சிருந்தீங்க?"

"சொல்லத் தோணல," என்றாள் ஏஞ்சலம்மாள். அதுவரைக்கும் உண்மைதான்.

நாற்காலி நடுமேடைக்கு வந்தது. சொன்னது பொய் என்று அவளுக்கு உறுத்தியது. ஒரு நாள் உறுத்தியது. அதற்கு மறுநாள் ஈஸ்டர் காலையோடு மழையையும் சேர்த்தாள். பம்பாயில் ஈஸ்டருக்கு மழை பெய்யாது என்பது செம்பூரில் பிறந்த சாருலதாவுக்குத் தோன்றவில்லை. வீட்டில் சேசுராஜ் என்ன வேஷம் என்று கேட்டபோது, "இட்லிக்காரி வேசந்தான்," என்று சொல்லிவிட்டு மாவைக் கலக்கப் போனாள். நாடகம் மாட்டுங்காவில், அவர் ஞாயிறு மாலை கோயிலைத் தாண்டி எங்கும் போகாதவர். அந்தத் தைரியம்தான்.

ஆனால் மே மாதத்து மாட்டுங்காவில் ஆள் ஏது? பாதிப் பேர் பாலக்காட்டில், மீதிப் பேர் அமெரிக்காவில் மகன் வீட்டில். முன்வரிசை நாற்காலிகள் காலியாகக் கிடப்பதைக் கம்பெனிக்காரர் பார்த்தால் என்ன ஆவது என்று ஜம்பு நாற்பது அழைப்பிதழைத் தாராவிப் பங்குச் சாமியாருக்கு அனுப்பினார். சாமியார் அவற்றைப் பாடகர் குழுவுக்கும் மதுவிலக்குச் சபைக்கும் பிரித்துக் கொடுத்தார். சேசுராஜ் வீட்டில் சொல்லவில்லை. மனைவிக்கு இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று நினைத்தார்.

திரை விலகியபோது இரண்டாம் வரிசையில் வெள்ளைச் சட்டையோடு சேசுராஜ் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒரு பக்கம் சபைத் தலைவர் சவரிமுத்து, மறுபக்கம் மாட்டுங்காவின் வாலாம்பாள் மாமி. ஏஞ்சலம்மாள் பேச வேண்டிய முறை வந்தது. தாலி அடகுக்குப் போனதைச் சொன்னாள். புருஷன் செத்த இடம் வந்ததும் நின்றாள். எதிரே சேசுராஜ் பெருமையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். இப்போதே இது கதை என்று சொல்லி எழுந்துவிடலாமா என்று அவள் நினைத்தாள். ஆனால் இத்தனை பேர் தன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. இட்லி வாங்க வருகிறவர்கள் தூக்குவாளியைத்தான் பார்ப்பார்கள்.

"அன்னைக்கு ஈஸ்டர்," என்றாள். "மழ ஊத்துது."

புருஷன் செத்துப்போனார். சவரிமுத்து மெல்லத் திரும்பிச் சேசுராஜைப் பார்த்தார். பிறகு வரிசையே திரும்பிப் பார்த்தது. சேசுராஜ் யாரையும் பார்க்கவில்லை. அவர் கண்ணிலிருந்து தாரைதாரையாக நீர் வழிந்தது. வாலாம்பாள் மாமி தன் மூக்கைத் துடைத்துவிட்டு அவருக்கும் ஒரு காகிதக் கைக்குட்டை எடுத்துக் கொடுத்தாள்.

"அழுங்கோ. தப்பே இல்லை. புருஷா அழணும்."

நாடகம் முடிந்ததும் பார்வையாளர் கருத்துச் சொல்லலாம் என்று சாருலதா மைக்கை நீட்டினாள். சேசுராஜ் எழுந்தார்.

"நாந்தான் இவ புருசன். நான் சாவல. குடிச்சதும் கெடையாது."

சாருலதா மைக்கைத் தன் பக்கம் திருப்பினாள்.

"இதைவிடப் பெரிய ஸ்டேட்மென்ட் இருக்க முடியாது. ஒவ்வொரு ஆணும் இப்படித்தானே எழுந்து நின்னு, நான் இல்லை, நான் குடிக்கலைன்னு சொல்றான்?"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. சேசுராஜ் "இல்ல தாயி, நெசமாவே," என்றது யாருக்கும் கேட்கவில்லை. தலைமை விருந்தினர் வராததால் ஒரு பொன்னாடை மிச்சம் இருந்தது. ஜம்பு அதைக் கொண்டுவந்து அவருக்குப் போர்த்திவிட்டார்.

தாராவித் தொண்ணூறடி ரோடு வரை இருவரும் நடந்தார்கள். அங்கே வந்ததும் சேசுராஜ் நின்றார்.

"குடிச்சுச் செத்ததுகூடப் பரவால்ல. அது என் பிரசங்கமுல்லா."

"ஆமா."

"பதினஞ்சு வருசமா நான் பேசுதேன். ஒருத்தன் அழல. நீ ஒருநா பேசி, நானே அழுதுட்டேன்."

"நீங்க கணக்கு நெறைய சொல்லுதிய," என்றாள் ஏஞ்சலம்மாள். "நாட்டுல எத்தன பேரு குடிக்கான், மாநிலத்துல எத்தன பேரு. செத்தவன் வாரதுக்குள்ள ஆளு தூங்கிருது."

இரண்டு நாள் அவர் வீட்டு இட்லியைத் தொடவில்லை. பேக்கரியிலிருந்து பாவ் ரொட்டி வாங்கிவந்து தேநீரில் நனைத்துத் தின்றார். மூன்றாம் நாள் சாருலதா போன் செய்தாள். தேவ்நாரிலும் புனேயிலும் நாடகத்தைக் கேட்கிறார்கள், அந்த அங்கிளையும் கட்டாயம் கூட்டிவர வேண்டும் என்றாள். சேசுராஜ் போனை வாங்கி, தான் என்ன செய்ய வேண்டும் என்று விசாரித்தார். இரண்டாம் வரிசையிலிருந்து எழுந்து அதே மூன்று வரியைச் சொன்னால் போதுமாம். கூடவே ஒரு பாட்டும் பாடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள். ஆனாலும் போனார். புனேயில் பொன்னாடையைப் போர்த்திக்கொண்டே போய் உட்கார்ந்தார்.

பிறகு பங்கில் மதுவிலக்கு ஞாயிறு வந்தது. சவரிமுத்து இந்தத் தடவை செயலாளரை விட்டுவிட்டு அவர் மனைவியைப் பேசச் சொன்னார். சாருலதா சஃபீனாவையும் கூட்டிக்கொண்டு கேமராவோடு வந்திருந்தாள். தாராவியில் சேசுராஜ் உயிரோடிருப்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. தாலி அடகுக்குப் போனதுமே பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. மழை வந்ததும், உறுதிமொழி எடுக்கவென்று சவரிமுத்து இழுத்துவந்திருந்த பக்கத்து வீட்டுப் பூதத்தான் கடைசி பெஞ்சிலிருந்து கேட்டான்:

"ஏக்கா, ஈஸ்டருக்கு எங்கன மழ பெஞ்சுது?"

சாமியாரே வாயைப் பொத்திக்கொண்டார். ஏஞ்சலம்மாளும் அடக்கமாட்டாமல் சிரித்தாள். சிரித்துக்கொண்டேதான் புருஷனை அன்றைக்குக் கொன்றாள். சாருலதா கேமராவை அணைத்துவிட்டு வெளியே போனாள். இந்த மக்களுக்கு வலியை மதிக்கத் தெரியவில்லை என்று ஆட்டோ ஏறும்போது சஃபீனாவிடம் சொன்னாளாம்.

அடுத்த கோடையில் கம்பெனியின் அக்கறை சமூகத்தை விட்டு மரங்களுக்குத் தாவிவிட்டது. அரங்கேற்றத்தில் பிள்ளைகள் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு மரமாக நின்றார்கள். சாருலதா பெங்களூருக்குப் போய்விட்டாள். ஏஞ்சலம்மாள் பின்வாசலில் இட்லியை இறக்கிவைத்தபோது, ஜம்பு மேஜை இழுப்பறையில் ஒரு வருஷமாகக் கிடந்த சான்றிதழைத் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். தங்கக் கரை போட்ட கெட்டி அட்டை, முழுக்க ஆங்கிலம்.

வீட்டில் ஷைனி அதை வாங்கிப் படித்தாள். "அப்பா, இதுல 'லேட் சேசுராஜின் மனைவி'ன்னு போட்டிருக்கு."

சேசுராஜ் ஸ்டூலின் மேல் நின்று சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். சுத்தியலை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் யோசித்தார்.

"பேர தப்பில்லாம எழுதிருக்கானா?"

"பேரு சரியாத்தான் இருக்கு."

"அப்பம் கொண்டா இங்கன," என்று கையை நீட்டினார்.